நடுக்கத்துக்கு ப்ராக்ஸி

மனிதகுலம் இதுவரை உருவாக்கியதில் நடுங்காத கை ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் ஆண்கள் விடுதியின் இரண்டாம் மாடி மூலை அறையில், ஜன்னலோரக் கட்டிலில் இருந்தது. பிரம்மன் மற்ற கைகளையெல்லாம் ஒத்திகைக்குச் செய்து பார்த்துவிட்டு, கடைசியாக இதைச் செய்து முடித்த கையோடு ஓய்வு பெற்றுவிட்டான். இந்தத் தகவலை எங்களுக்குத் தந்தவன் அந்தக் கையின் உரிமையாளன் பிரகதீஸ். மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு. சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. தன்னைப் பற்றிப் பேசும்போது சிரிப்பது மரியாதைக் குறைவு என்று நினைப்பவன்.

"நடுக்கங்கிறது நோயே இல்லடா சிராஜ்," என்றான் என்னிடம். "அது ஒரு வதந்தி. நம்பறவனுக்குத்தான் வரும்."

அந்த வதந்தி அப்போது விடுதி முழுக்கப் பரவியிருந்தது. காரணம் வில்லை.

வில்லை என்பது காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும், பொட்டளவே இருக்கும் ஒரு சமாச்சாரம். ஒட்டினால் சலிப்பு வராது. அதற்கு வேறு வேலை கிடையாது. கல்லூரியோடு ஒட்டிய இதே நிர்வாகத்தின் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்ந்த அன்று, ஷூ அளவு எடுத்த கையோடு எங்களுக்கு அதையும் ஒட்டிவிட்டார்கள். அப்புறம் நாங்கள் விடியற்காலை தொடங்கி விளக்கு அணையும்வரை கரிம வேதியியல் படித்தோம்; கொட்டாவி விடவில்லை. தாளாளர் குழந்தைவேல் ஐயாவின் ஆண்டு விழா உரையை முழுதாகக் கேட்டுவிட்டு, ஏன் முடித்துவிட்டார் என்று யோசித்த ஒரே தலைமுறை நாங்கள்தான்.

சிக்கல் பின்னால் தெரிந்தது. சலிப்பு போனபோது ஆசையையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. லீவில் என்ன செய்யப் போகிறாய் என்று யாராவது கேட்டால், கேட்டவரிடமே "என்ன செய்யட்டுங்க?" என்று கேட்டோம். கல்யாணத்துக்குப் பெண் பார்த்த சீனியர் ஒருவரிடம் பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, "ஆப்ஷன் என்னென்ன?" என்றாராம். பெற்றோர்கள் முதலில் இதை ஒழுக்கம் என்று நினைத்தார்கள். பிறகு பயந்தார்கள். அதன் பிறகு அரசாங்கம் வில்லையை நிறுத்தச் சொன்னது.

நிறுத்துவது என்றால் பிய்த்து எறிவதில்லை. அதைச் சொல்வதற்காகவே டாக்டர் அங்கயற்கண்ணி மதுரையிலிருந்து வந்து, எங்கள் கல்லூரியின் டிராயிங் ஹாலில் முகாம் போட்டார். எங்களைவிடச் சில வயதுதான் மூத்தவர். கல்லூரியைச் சுற்றியிருந்த கோழிப்பண்ணைகளின் வாடை பழகாததால் முதல் வாரம் முழுக்க மூக்கைச் சுருக்கியபடியே பேசினார். எங்களைப் பார்த்துத்தான் சுருக்குகிறார் என்று நாங்கள் மரியாதையாக நடந்துகொண்டோம்.

"இங்கிட்டுப் பாருங்கப்பா," என்றார் முதல் நாள். "இத்தனை வருஷமா உங்க மூளை இந்த வில்லையை நம்பித் தன்னோட பிரேக்கைக் கழட்டிப் பரண்ல போட்டு வச்சிருக்கு. நீங்க பாட்டுக்கு வில்லையைப் பிச்சுட்டா, வண்டி பள்ளத்துல போகும், பிரேக் இருக்காது. வேர்க்கும், தூக்கம் வராது, கை நடுங்கும். நடுங்கிக்கிட்டு இருக்கும்போதே மொத்தமா நிறுத்துனா வலிப்பு வரும். வலிப்புல ஆள் போனதும் உண்டு. அதனால படிப்படியாத்தான் இறங்கணும். ஒவ்வொரு படிக்கும் வில்லையோட வீரியம் கொஞ்சம் குறையும்."

"எத்தனை நாளைக்கு ஒரு படிங்க மேடம்?" என்று கேட்டது பிரகதீஸ்.

"உன் உடம்பு சொல்ற நாளைக்கு. கையில இந்தப் பட்டை கட்டுவோம். நடுக்கம் எவ்வளவுன்னு அது பார்த்துக்கிட்டே இருக்கும். அடங்கிருச்சுன்னா அடுத்த படி. அடங்கலேன்னா அங்கயே நில்லு. ரொம்ப ஆடுச்சுன்னா ஒரு படி மேல ஏறி, கொஞ்ச நாள் இருந்துட்டு, மறுபடி இறங்கு. ஏறுறது தப்பில்ல. இறங்குறதுல அதுவும் சேர்த்திதான்."

அருமையான பேச்சு. வேறு எந்த நாட்டிலும் எடுபட்டிருக்கும். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், எல்கேஜியில் மதிய உணவை முதலில் முடித்ததற்குக்கூட ரேங்க் வாங்கியவர்கள். படி என்று ஒன்று இருந்தால் அதில் யார் முன்னால் என்ற கேள்வியும் இருக்கும். அன்று சாயங்காலமே பிரகதீஸ் மெஸ்ஸில் அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டான்.

"மேல ஏறுறவன் அரியர்," என்றான், சப்பாத்தியைக் கிழித்தபடி. "அவ்ளோதான். மேடம் பாசத்துல வேற மாதிரி சொல்றாங்க."

அடுத்த வாரமே எனக்கு வேர்த்துக் கொட்டி, கை டைப் அடித்தது. நான் டிராயிங் ஹாலுக்குப் போய் ஒரு படி ஏறிவிட்டு வந்தேன். அதிலிருந்து விடுதியில் என் பெயர் அரியர் பாய். எனக்குப் பெரிய வருத்தமில்லை. கணக்குப் பாடத்தில் ஏற்கெனவே பழகிய பட்டம்தான்.

தாளாளர் ஐயா இந்தப் போட்டி மனப்பான்மையைப் பார்த்து மனம் குளிர்ந்தார். முழுதாக வில்லையை விட்டவர்கள் படத்தைப் போட்டு வாசல் வளைவில் பிளெக்ஸ் வைப்பதாக அறிவித்தார். "பூஜ்ஜியம் தொட்ட சிங்கங்கள்" என்பது தலைப்பு. பூஜ்ஜியம் எடுத்ததற்கு மாலை போடும் ஒரே கல்லூரி என்ற பெருமை எங்களுக்கு வந்து சேர்ந்தது. டாக்டர் போய் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார்.

"நம்ம பசங்களுக்கு ஒரு பேனரு இருந்தாத்தானுங்க மேடம் ஓடுவாங்க," என்றாராம் ஐயா.

"ஓட வேணாங்கிறதுதான் சார் வைத்தியமே," என்றாராம் டாக்டர்.

பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டார்கள். பிரகதீஸ் நடுவில், பெரிதாக. அவனுக்கு இடப்பக்கம் எங்கள் அறையின் மூன்றாவது ஆள், சஞ்சீவி. இருவரும் கடைசிப் படியில் இருந்தார்கள். பட்டை அமைதியாக இருப்பதாகக் காட்டினால், பிளெக்ஸ் திறப்பு விழா அன்று காலையில் டாக்டர் கையெழுத்துப் போட, வில்லையை எடுத்துவிட்டு நேராக மேடைக்குப் போகலாம்.

சஞ்சீவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருச்செங்கோடு. அப்பா போர்வெல் வண்டியில் துளைபோடுபவர். வண்டி வடநாட்டுக்குப் போனால், மழை வந்தால்தான் வீடு. மகன் ஆறாம் வகுப்பு சேர்ந்ததிலிருந்து பள்ளி விழா எதற்கும் அவரால் வர முடிந்ததில்லை. இந்த விழாவுக்கு வருகிறார். சத்தீஸ்கரிலிருந்து ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். போனில் பேசியது பக்கத்துக் கட்டிலில் இருந்த எனக்கே கேட்டது.

"பேனரு முன்னாடி நின்னு ஒரு போட்டோ புடிச்சுக்கோணும் சாமி. வண்டில ஒட்டி வெச்சுக்கறேன்."

"சரிங்ப்பா," என்றான் சஞ்சீவி. போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் சஞ்சீவி ரசத்தைத் துறந்தான். பிறகு மோரை. அதன் பிறகு சாம்பாரும் போயிற்று. சிந்தாத பதார்த்தங்களை மட்டும் உண்ணும் முனிவனாகிவிட்டான். ஒருநாள் முழுக்க வறுத்த கடலையும் ரொட்டியும். தாடியும் வளர்த்தான். காதல் தோல்வி என்று விடுதி முடிவு செய்தது. வில்லை போட்ட யாருக்கும் காதல் வந்ததில்லை என்பதால் அதைக்கூடச் சாதனையாகப் பேசிக்கொண்டார்கள்.

எனக்குப் புரிந்தது. சவரக் கத்தியைக் கன்னத்தில் வைக்க முடியாத அளவுக்குக் கை ஆடினால் எல்லோருமே தாடி வளர்ப்பார்கள்.

"டேய், போய் ஒரு படி ஏறிட்டு வா," என்றேன். "நான் ஏறலையா? செத்தா போயிட்டேன்?"

"உங்கொப்பன் பக்கத்து ஊர்ல கடை வெச்சிருக்காரு. தெனம் பார்க்கலாம். எனக்கு இந்த ஒரு நாளு," என்றான் சஞ்சீவி. "அன்னிக்கு மட்டும் பூஜ்ஜியமா நின்னுட்டா, அதுக்கப்புறம் நடுங்கிக்கறேன்."

"அப்புறம் வர்றது நடுக்கம் இல்லடா. வலிப்பு. மேடம் சொன்னாங்கல்ல?"

அவன் ஜன்னல் வழியே பார்த்தான். படி இறங்க இறங்க அவனுக்கு இந்தப் பழக்கம் வந்திருந்தது. எங்கள் எல்லோருக்குமேதான். முதல்முறை சலிப்பு வந்தபோது ஒருவன் டிராயிங் ஹாலுக்கு ஓடிப்போய், "மேடம், நேரம் நகர மாட்டேங்குது, நெஞ்சுக்குள்ள என்னமோ காலியா இருக்குது," என்று கட்டிலில் படுத்துவிட்டான். சோதித்துப் பார்த்துவிட்டு டாக்டர், "இன்னைக்கு ஞாயித்துக்கிழமைப்பா. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்," என்று அனுப்பிவைத்தார். அந்தக் காலியான இடத்தில் ஏதேதோ முளைத்தது. ஒருவன் பல்லாங்குழி மாதிரி ஓர் ஆட்டத்தைத் தானாகவே கண்டுபிடித்தான். சஞ்சீவி, பண்ணை மேல் சுற்றும் பருந்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருமுறை, "எனக்கு மெக்கானிக்கல் புடிக்கலைனு நெனைக்கறன்டா," என்றான், ஏதோ தங்கக்காசு கிடைத்ததைப் போன்ற முகத்தோடு. அவனாக ஒன்று பிடிக்கவில்லை என்று சொன்னது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

ஆனால் பட்டை இருக்கிறதே. கையெழுத்துக்கு முன் டாக்டர் அதன் கடைசி மூன்று நாள் கணக்கைப் பார்ப்பார். அது பொய் சொல்லாது. அவன் கையில் கட்டியிருக்கும்வரை.

அவன் கையில் ஏன் கட்டியிருக்க வேண்டும்?

உலகம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்கலாம். எங்கள் கல்லூரி கேட்காமல் இருக்குமா? காலை வகுப்பு வருகைப் பதிவிலிருந்து ரத்ததான முகாம்வரை, ஒருவனுக்குப் பதில் இன்னொருவன் "உள்ளேன் ஐயா" சொல்லி வளர்ந்த இடம். சஞ்சீவி போய் நின்றது, நியாயமாகவே, உலகின் நடுங்காத ஒரே கையின் முன்னால்.

"விழா வரைக்கும் என் பட்டைய நீ கட்டிக்கடா பிரகதீஸு. ப்ராக்ஸி."

பிரகதீஸ் ஒரு கணம் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்த கணங்கள் மிகக் குறைவு என்பதால் அது நினைவில் இருக்கிறது.

"உனக்கு முடியாதுன்னா விடு," என்றான் சஞ்சீவி.

"யாருக்கு முடியாது? குடுறா," என்றான் பிரகதீஸ். "நீ நடுங்கறது உன் பிரச்சினை. என் கையில கட்டினா அது கல்லு மேல கட்டின மாதிரி."

நான் இருவரையும் திட்டினேன். அரியர் பாய் பேச்சு சபையில் ஏறவில்லை. மேடத்திடம் சொல்லிவிடுவேன் என்றேன். சொன்னால் எங்கப்பா முகத்தில் நீ எப்படி முழிப்பாய் என்று சஞ்சீவி கேட்டான். நான் மேடத்திடம் போகவில்லை. அந்த முகம் அப்போது டிக்கெட்டோடு ரயிலேறக் காத்திருந்தது.

அப்படியாக பிரகதீஸ் வலது கையில் தன் பட்டையும் இடது கையில் சஞ்சீவியின் பட்டையும் கட்டிக்கொண்டு, இரண்டு வாட்ச் கட்டிய மாப்பிள்ளை மாதிரி திரிந்தான்.

விழாவுக்கு முந்தைய நாள் காலையில் டிராயிங் ஹாலிலிருந்து ஆள் வந்தது. சஞ்சீவி உடனே வர வேண்டும். துணைக்கு நானும் போனேன். தகுதியான மருத்துவ மேற்பார்வை தேவைப்படும் என்று சொல்லிக்கொண்டு பிரகதீஸும் வந்தான். சஞ்சீவியின் பட்டையை வாசலில் கழற்றி அவன் கையில் திணித்தான்.

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். மலைத்தொடர் மாதிரி ஏதோ தெரிந்தது.

"இது என்னன்னு தெரியுதா சஞ்சீவி? கடைசி மூணு நாள் உன் நடுக்கம். இந்தக் காலேஜ்லயே இப்படி யாருக்கும் ஆடல. இதை வச்சுக்கிட்டு எப்படிப்பா நடமாடுற? இன்னைக்கே ஒரு படி ஏறணும். முடிஞ்சா ரெண்டு."

சஞ்சீவி வாயைப் பிளந்தான். "அது எப்படிங்க மேடம்? அது என்னுதே இல்லீங்களே."

"பின்ன?"

அவன் மெதுவாகத் திரும்பி பிரகதீஸைப் பார்த்தான். நானும் பார்த்தேன். பிரகதீஸ் சுவரில் மாட்டியிருந்த இயந்திரப் பாகம் ஒன்றின் படத்தை மிகுந்த ஈடுபாட்டோடு ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"நான்... இவன்கிட்ட கட்டச் சொல்லியிருந்தனுங்க," என்றான் சஞ்சீவி.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "ப்ராக்ஸியா? நடுக்கத்துக்கா?" கொஞ்ச நேரம் மேல்கூரையைப் பார்த்தார். "படிச்சதுல இது வரல எனக்கு. சரி, பிரகதீஸ், உன்னோட பட்டையில கோடு போட்ட மாதிரி நேரா இருக்கே. அது எப்படி?"

"அந்தக் கை மேல உட்கார்ந்துக்குவேனுங்க," என்றான் பிரகதீஸ் படத்திடம். "தூங்கறப்பவும் இடுப்புக்கு அடியில வெச்சுக்குவேன். ரெண்டு கை மேலயும் உட்கார முடியிலீங்க. ஒண்ணு சாப்பிட வேணுமில்லைங்களா."

யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு அடக்கத் தேவையில்லாமல் போய்விட்டது.

"சஞ்சீவி, உன் கையைக் காட்டு," என்றார் டாக்டர்.

நீட்டினான். அந்தக் கை, காற்றில் கொடி அசைவது போல் தன்பாட்டுக்கு அசைந்தது.

"ரெண்டு பேரும் ஏறணும்," என்றார் டாக்டர். குரல் தணிந்திருந்தது. "கோபமா சொல்லலப்பா. இந்த நிலைமையில நீ நாளைக்கு வில்லையை எடுத்தீன்னா மேடை ஏறுற வரைக்கும் தாங்குமான்னுகூட எனக்குத் தெரியாது. ஒரு படி மேல போ. மூணு நாலு நாள்ல அடங்கும். அப்புறம் நிதானமா இறங்கு. கூட நான் இருக்கேன்."

"நாளன்னிக்கு எங்கப்பா திரும்பிப் போயிருவாருங்க."

"அவருகிட்ட நான் பேசுறேன்."

"என்னன்னுங்க பேசுவீங்க? உங்க பையன் அரியருன்னா?"

அந்தச் சொல் டிராயிங் ஹாலின் நீளத்துக்கும் கேட்டது. கோடியில் வரிசையில் உட்கார்ந்திருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் ஏறத்தான் வந்திருந்தார்கள். ஏதோ சும்மா வந்தவர்களைப் போல எழுந்து நிற்கத் தொடங்கினார்கள்.

"மன்னிச்சுக்கோங்க மேடம்," என்றான் சஞ்சீவி. "கையெழுத்து நீங்க போடாட்டிப் போச்சாது. நானே எடுத்துக்கறேன்." கும்பிட்டுவிட்டு வாசலை நோக்கி நடந்தான். நடக்கும்போதே கை காதுக்குப் பின்னால் போயிற்று. வில்லையின் ஓரத்தை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தான். நடுக்கத்தில் அது பிடிபடவில்லை.

நான் பின்னால் ஓடி அவன் முழங்கையைப் பிடித்தேன். உதறினான். டாக்டர் எழுந்துவிட்டார்.

அப்போது நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

பிரகதீஸ் டாக்டருக்கு எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கையின் மேல் உட்காரவில்லை. இரண்டு கைகளையும் மேஜை மேல் எடுத்து வைத்திருந்தான். மேஜை மேலிருந்த பேனா மெதுவாக உருண்டு கீழே விழுந்தது. வரிசையிலிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நாளைய பிளெக்ஸில் நடுவில் பெரிதாக இருக்கும் முகம் அது, எல்லோருக்கும் தெரியும்.

"எனக்கு ஒரு படி மேலுங்க மேடம்," என்றான். வழக்கமான குரல் இல்லை. கடையில் உப்பு கேட்பது போன்ற குரல்.

டாக்டர் வாசலைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

"நடுக்கம் எப்ப இருந்துப்பா?"

"முதல் படியிலிருந்துங்க."

"யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"யாருகிட்டச் சொல்றதுங்க? நான்தான அந்தப் பேரே வெச்சேன்."

வாசலில் சஞ்சீவியின் கை காதிலிருந்து இறங்கியது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு திரும்பி வந்து, பக்கத்து டிராயிங் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மூணு நாளா என்னுதுன்னு நெனைச்சு நீ பாட்டுக்கு ஆடியிருக்க," என்றான் முன்னால் பார்த்தபடி. "கல்லு மேல கட்டின மாதிரியாம்."

"மூடுடா."

எழுந்து நின்றவர்களில் ஒருவன் மீண்டும் உட்கார்ந்தான். அவனைப் பார்த்து இன்னொருவன். சற்று நேரத்தில் வரிசை பழையபடி ஆகியிருந்தது. யாரும் சும்மா வந்தவர்களைப் போல நடிக்கவில்லை. நான் கீழே குனிந்து பேனாவை எடுத்து மேஜையில் வைத்தேன். அது மறுபடி உருண்டது.

சஞ்சீவி அப்பாவுக்கு அங்கிருந்தே போன் செய்தான். ஒலிபெருக்கியில் போடச் சொல்லி டாக்டரும் பேசினார். அவர் பேசி முடிக்கும்வரை அந்தப் பக்கம் ரயில் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப பேனர்ல போட்டோ வராதுங்களா?" என்றார் சஞ்சீவியின் அப்பா கடைசியில். ஏமாற்றத்தை மறைக்கத் தெரியவில்லை அவருக்கு. பிறகு, "பையன் அங்கதான் இருக்கானுங்களா? சரி. நான் வந்துக்கிட்டுத்தான் இருக்கறேன்," என்றார்.

டாக்டர் இரண்டு புதிய வில்லைகளை எடுத்தார். வீரியம் ஒரு படி கூடியவை. உறையைக் கிழித்து முதலாவதை பிரகதீஸிடம் நீட்டினார்.

அவன் வாங்கிக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனான். கழுத்தில் பட்டது, முடியில் ஒட்டியது, சட்டைக் காலரில் ஒட்டியது. டாக்டர் உதவ எழுந்தார். அதற்குள் சஞ்சீவி அதைப் பிடுங்கிக்கொண்டான்.

"நான் ஒட்டறன், குனி."

பிரகதீஸ் குனிந்தான். தன் காது மடலைத் தானே முன்னால் மடக்கிப் பிடித்துக்கொண்டு, வரிசையில் இருந்த அத்தனை பேர் பார்க்க, அசையாமல் இருக்க முயற்சி செய்தான். முடியவில்லை. பரவாயில்லை என்பது போல் அப்படியே இருந்தான்.